ஆர்கனான்: ஆறு பதிப்புகள், ஒரு நூற்றாண்டுக் குழப்பம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோமியோபதி பற்றி இரண்டு பேர் வாதாடினால் சீக்கிரமே ஒருவர் "ஆர்கனானிலேயே இருக்கிறதே" என்பார். இன்னொருவரும் அதே புத்தகத்தை எடுத்து நேர்மாறான ஒரு வரியைக் காட்டுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஹானிமன் அந்தப் புத்தகத்தை ஆறு முறை எழுதினார், ஒவ்வொரு முறையும் எதையாவது மாற்றினார். அந்த ஆறு பதிப்புகளின் கதையைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சில பதில்கள் நீளும், சில இரண்டு வரியில் முடியும்.

ஆர்கனான் என்பது என்ன புத்தகம்?

ஹோமியோபதியின் மூல நூல். ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹானிமன் எழுதியது. எந்த நோய்க்கு எந்த மருந்து என்ற பட்டியலை இதில் தேடினால் ஏமாற்றம்தான். நோய் என்றால் என்ன, நோயாளியிடம் எதை எப்படிக் கேட்பது, மருந்தின் குணத்தை எப்படி அறிவது, எவ்வளவு கொடுப்பது, எப்போது திரும்பக் கொடுப்பது என்கிற முறையை எண்ணிட்ட சிறு பத்திகளாகச் சொல்லும் நூல் இது. அந்தப் பத்திகளைத்தான் நம் கல்லூரிகளில் அஃபாரிசம் என்கிறார்கள். பத்திகளுக்கு முன்னால் நீண்ட ஒரு முன்னுரை உண்டு. அன்றைய மருத்துவர்களை அதில் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார்.

எழுதியவர் யார்? திடீரென்று எழுதிவிட்டாரா?

ஹானிமன் 1755 ஏப்ரல் 10 அன்று சாக்சனி நாட்டின் மைசன் ஊரில் பிறந்தவர். தந்தை பீங்கானில் ஓவியம் தீட்டுபவர். ஹானிமன் மருத்துவம் படித்தார், தொழிலில் நம்பிக்கை இழந்தார், குடும்பத்தைக் காப்பாற்ற நூல்களை மொழிபெயர்த்தார். 1790இல் ஸ்காட்லாந்து மருத்துவர் கல்லனின் மருந்தியல் நூலை ஜெர்மனுக்குக் கொண்டுவரும்போது, சின்கோனாப் பட்டை ஏன் மலேரியாக் காய்ச்சலைத் தீர்க்கிறது என்று கல்லன் சொன்ன விளக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. பட்டையைத் தானே உட்கொண்டு பார்த்தார். காய்ச்சல் போன்ற குறிகள் தமக்கு வந்ததாக அடிக்குறிப்பில் எழுதினார். ஒரு நோயின் குறிகளை நலமுள்ளவரிடம் உண்டாக்கும் மருந்தே அந்த நோயைத் தீர்க்கும் என்ற ஹோமியோபதிக் கருத்தின் விதை அந்த அடிக்குறிப்பு.

அப்புறம் 1796இல் ஹூஃபெலாண்ட் நடத்திய மருத்துவ இதழில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. 1805இல் அனுபவ மருத்துவம் என்ற பொருளில் ஒரு சிறு நூலும், 27 மருந்துகளின் விளைவுகளைத் தொகுத்த லத்தீன் நூலும் வந்தன. இவற்றையெல்லாம் கட்டி ஒழுங்குபடுத்தியதுதான் ஆர்கனான். இருபது ஆண்டு ஊறல் அது.

முதல் பதிப்பு எப்போது, எங்கே வந்தது?

1810இல், டிரெஸ்டன் நகரின் ஆர்னால்ட் பதிப்பகத்தில். அப்போது ஹானிமனுக்கு 55 வயது, டோர்காவ் என்ற சிறு ஊரில் இருந்தார். நூலில் 271 பத்திகள். முழுப் பெயர் "பகுத்தறிவு சார்ந்த மருத்துவத்தின் ஆர்கனான்" என்று வரும். அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்களுக்கு வழங்கிய பெயரைத் தன் நூலுக்கு வைத்ததிலேயே ஆசிரியரின் தன்னம்பிக்கை தெரியும்.

வரவேற்பு எப்படி இருந்தது?

அடிதான் முதலில் விழுந்தது. பெர்லின் பேராசிரியர் ஹெக்கர் தன் இதழில் நீண்ட, கடுமையான மறுப்பை எழுதினார். ஹானிமன் தன் பெயரில் பதில் எழுதவில்லை. 1811இல் மகன் ஃபிரெடரிக் பெயரில் ஒரு மறுப்பு நூல் வந்தது. அதில் அப்பாவின் கை எவ்வளவு என்பது அப்போதே பலர் கேட்ட கேள்வி.

புத்தகம் விற்றுத் தீர ஒன்பது ஆண்டு ஆனது. நடுவில் நெப்போலியன் போர்கள் சாக்சனி வழியாகவே நடந்தன, 1813 லைப்சிக் போர் உட்பட. ஹானிமன் 1811இலேயே லைப்சிக்குக் குடிபெயர்ந்து, பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்துகொண்டிருந்தார். ஆறு பாகங்களாக மருந்துகளின் குணநூலையும் அந்தக் காலத்தில்தான் எழுதி வெளியிட்டார். என் கணிப்பில், ஆர்கனானின் இரண்டாம் பதிப்புக்கு வாசகரை உண்டாக்கியது அந்தக் குணநூலும், லைப்சிக்கில் அவரைச் சுற்றிச் சேர்ந்த மாணவர் கூட்டமும்தான்.

இரண்டாம் பதிப்பில் பெயரே மாறிவிட்டதாமே?

ஆமாம். 1819இல் "பகுத்தறிவு" என்ற சொல் தலைப்பிலிருந்து போய்விட்டது. மருத்துவம் என்ற அறிவுத்துறையைக் குறித்த சொல்லின் இடத்தில், குணமாக்கும் கலை என்பது வந்தது. முதல் பதிப்பின் முகப்பில் கெல்லர்ட் என்ற ஜெர்மன் கவிஞரின் வரிகள் இருந்தன: நமக்கு வேண்டிய உண்மை ஆழத்தில் புதைக்கப்படவில்லை, லேசாக மூடித்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்தில். இரண்டாம் பதிப்பு முதல் அதை எடுத்துவிட்டு, "அவுதே சாபெரே" என்ற இரண்டு லத்தீன் சொற்களைப் போட்டார். அறியத் துணி என்று பொருள். ரோமக் கவி ஹொரேஸிடமிருந்து வந்த தொடர். இன்றும் ஹோமியோபதிக் கல்லூரி மலர்களிலும் சங்கக் கடிதத் தாள்களிலும் அது காணப்படும்.

ஒவ்வொரு பதிப்பிலும் உண்மையில் என்ன மாறியது?

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இரண்டாம் பதிப்பு (1819) நூலைப் பெருக்கியது, பத்திகள் 300ஐத் தாண்டின. மூன்றாம் பதிப்பு (1824) பெரும்பாலும் அதன் திருத்தம்தான். அதற்குள் ஹானிமன் லைப்சிக்கை விட்டுப் போயிருந்தார். மருந்தைத் தானே தயாரித்துத் தானே கொடுக்கக் கூடாது என்று மருந்துக்கடைக்காரர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1821இல் கோத்தன் நகர டியூக் ஃபெர்டினாண்ட் அதற்கு அனுமதி கொடுத்து அவரை அழைத்துக்கொண்டார். மூன்றும் நான்கும் ஐந்தும் கோத்தன் காலத்துப் பதிப்புகள்.

உண்மையான திருப்பம் நான்காம் பதிப்பில் (1829, 292 பத்திகள்). அதற்கு முந்தைய ஆண்டு ஹானிமன் நாட்பட்ட நோய்கள் பற்றிய தன் பெரிய நூலைத் தொடங்கியிருந்தார். நாட்பட்ட நோய்களுக்கு அடியில் சோரா, சிபிலிஸ், சைகோசிஸ் என மூன்று மியாசங்கள், அதாவது மூலக் கேடுகள், இருக்கின்றன என்ற கொள்கை அதில் வந்தது. அது நான்காம் ஆர்கனானுக்குள் நுழைந்தது. 1810இல் ஹோமியோபதியை ஏற்றுக்கொண்ட பலர் இந்த இடத்தில் கழன்றுகொண்டார்கள்.

ஐந்தாம் பதிப்பு (1833, 294 பத்திகள்) உயிராற்றலை நடுமேடைக்குக் கொண்டுவந்தது. நோய் என்பது உடலின் ஏதோ ஒரு பாகம் கெட்டுப்போவது என்று பார்க்காமல், உடலை இயக்கும் உயிராற்றலின் ஒழுங்கு குலைவது என்று பார்க்கச் சொல்லும் ஒன்பதாம் பத்தி முதலானவை இந்தப் பதிப்பில்தான் முழு உருவம் பெற்றன. மருந்தை நீர்க்கச் செய்து குலுக்கும்போது அதன் ஆற்றல் கூடுகிறது என்ற வாதமும் இதில் விரிந்தது. முதல் பதிப்பை மட்டும் படித்த ஒருவர் ஐந்தாம் பதிப்பைத் திறந்தால், அதே ஆசிரியர்தானா என்று முகப்பைத் திருப்பிப் பார்ப்பார். 1810இன் ஹானிமன் பரிசோதனை செய்து பார்க்கும் மருத்துவர். 1833இன் ஹானிமன் ஒரு தத்துவத்தை நிலைநாட்டுபவர். எனக்கு முதலாமவரைத்தான் படிக்கப் பிடிக்கும், ஆனால் ஹோமியோபதி இன்று நடைமுறையில் நிற்பது இரண்டாமவர் மீது.

ஐந்தாம் பதிப்பிலிருந்து ஒரு பத்தியை ஹானிமனே எடுத்துவிட்டாராமே?

அச்சுக்கூடத்துக்குப் போகும் கட்டத்தில் நடந்தது அது. ஒரு நேரத்தில் ஒரே மருந்து என்பது ஹோமியோபதியின் அடிப்படை விதி. 1833இல் எகிடி என்ற மருத்துவர், இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக் குணமான 233 நோயாளிகளின் விவரத்தை ஹானிமனுக்கு அனுப்பினார். ஹானிமன் அசந்துபோனார். அதை அனுமதிக்கும் ஒரு பத்தியை எழுதி, புதிய பதிப்பில் சேர்க்க முடிவுசெய்தார்.

அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் சீடர்கள் கோத்தனில் கூடினார்கள். இதை ஏற்றால், பல மருந்துகளைக் கலந்து கொடுக்கும் பழைய முறைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். ஹானிமன் பின்வாங்கினார், பத்தி வெளியே போனது. அச்சில் வந்த ஐந்தாம் பதிப்பின் 272ஆம் பத்தி ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து தேவையில்லை என்கிறது. ஆறாம் பதிப்பின் 273ஆம் பத்தி இன்னும் ஒரு படி மேலே போய், தேவையில்லை, ஆகவே அனுமதியும் இல்லை என்கிறது. ஆக, இந்த விஷயத்தில் ஹானிமன் கடைசியில் எங்கே நின்றார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆறாம் பதிப்பை எப்போது எழுதினார்?

பாரிசில், வாழ்வின் கடைசிக் கட்டத்தில். இதற்கு மெலனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மெலனி டெர்விலி பாரிசைச் சேர்ந்த ஓவியர், கவிஞர். 1834 அக்டோபரில், வழிப்பயணத்துக்கு ஆண் உடை அணிந்து, கோத்தனுக்கு வந்து சேர்ந்தார். ஆர்கனானைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்துவிட்டுத்தான் அவரைத் தேடி வந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. ஹானிமனுக்கு அப்போது 79 வயது, மெலனிக்கு முப்பதுகளின் நடு. மூன்று மாதத்தில், 1835 ஜனவரியில், திருமணம். அந்த ஜூனில் இருவரும் பாரிசுக்குப் போய்விட்டார்கள். முதல் மனைவியின் மகள்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பாரிசில் நோயாளிகள் குவிந்தார்கள். அதற்கு நடுவில் ஐந்தாம் பதிப்பின் அச்சுப் பிரதி ஒன்றை எடுத்து, இடையிடையே வெற்றுத் தாள்களைச் செருகி, வரிகளை அடித்து, ஓரங்களில் நுணுக்கி நுணுக்கித் திருத்தினார். 1842 பிப்ரவரி 20 அன்று டுசல்டார்ஃப் நகரப் பதிப்பாளர் ஷாவுபுக்கு ஒரு கடிதம் எழுதினார்: பதினெட்டு மாத உழைப்பில் ஆறாம் பதிப்பு முடிந்துவிட்டது, இருப்பவற்றில் இதுவே நிறைவுக்கு மிக அருகில் வருவது, நல்ல தாளில், புத்தம் புதிய அச்செழுத்தில் போடுங்கள், அநேகமாக இதுவே கடைசியாக இருக்கும். அடுத்த ஆண்டு, 1843 ஜூலை 2 அன்று, 88ஆம் வயதில் காலமானார். புத்தகம் அச்சேறவில்லை.

அதுவரை அச்சிட்ட ஆர்னால்ட் பதிப்பகம் என்ன ஆனது?

ஐந்து பதிப்புகளும் ஆர்னால்ட்தான். நாட்பட்ட நோய்கள் நூலின் இரண்டாம் பதிப்பு பாதியிலேயே ஷாவுப் கைக்கு மாறியது. ஆறாம் ஆர்கனானுக்கும் அவரிடமே போனது அதன் தொடர்ச்சி.

முடித்துவைத்த புத்தகம் ஏன் 1921 வரை வெளிவரவில்லை?

எல்லோரும் மெலனி மேல் பழியைப் போடுவார்கள். பழியில் பாதி நியாயம் உண்டு. கணவர் இறந்த பிறகு கையெழுத்துப் பிரதியும், நோயாளிக் குறிப்பேடுகளும், கடிதங்களும் அவரிடம் இருந்தன. வெளியிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விலைக்குக் கேட்டவர்களிடம் அவர் சொன்ன தொகை கட்டுப்படியாகவில்லை.

மறுபாதியையும் பார்க்க வேண்டும். உரிமம் இல்லாமல் மருத்துவம் செய்தார் என்று 1847இல் பாரிஸ் நீதிமன்றம் மெலனிக்கு 100 பிராங்க் அபராதம் விதித்தது. கணவரின் ஜெர்மன் சீடர்களில் பெரும்பாலோர் அவரை ஒரு குறுக்கீடாகவே பார்த்தார்கள். தன்னை மதிக்காதவர்களிடம் தன்னிடம் இருந்த ஒரே சொத்தை அவர் சும்மா கொடுப்பார் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

மெலனியின் வளர்ப்பு மகள் சோஃபிக்கு ஒரு போனிங்ஹாசனோடு திருமணம் நடந்தது. மணமகன் கார்ல், ஹானிமனின் நெருங்கிய சீடர் கிளெமென்ஸ் போனிங்ஹாசனின் மகன். 1870–71 பிரெஞ்சு–பிரஷ்யப் போர்க்காலத்தில் அந்தத் தம்பதி ஜெர்மனிக்குத் திரும்பியபோது காகிதங்களும் வெஸ்ட்ஃபாலியாவின் டாருப் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மெலனி 1878இல் இறந்தார். குடும்பமும் காகிதங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

1865இலேயே ஒரு ஆறாம் பதிப்பு வந்ததாகப் படித்தேனே?

வந்தது, ஆனால் அது ஹானிமனின் ஆறாம் பதிப்பே கிடையாது. கோத்தனில் பெரிய மருத்துவமனை நடத்திய ஆர்தர் லுட்சே என்பவர், ஐந்தாம் பதிப்பின் பாடத்தில் கைவைத்து, 1833இல் ஹானிமன் எடுத்துவிட்ட இரட்டை மருந்துப் பத்தியை 274b என்று நுழைத்து, ஆறாம் பதிப்பு என்ற பெயரில் வெளியிட்டார். ஜெர்மன் ஹோமியோபதி மருத்துவர்கள் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். ஹானிமனின் பேரன் சூஸ்-ஹானிமன், தானே ஒரு ஆறாம் பதிப்பு கொண்டுவரப் போவதாகச் சொன்னார். உண்மையான கையெழுத்துப் பிரதி தன்னிடம்தான் இருக்கிறது என்று மெலனி பாரிசிலிருந்து அறிவித்தார். ஒரு விதத்தில் இந்தக் குளறுபடிதான், உண்மையான ஆறாம் பதிப்பு ஒன்று எங்கோ இருக்கிறது என்பதை உலகுக்கு மறக்கவிடாமல் வைத்தது.

இரட்டை மருந்து கொடுப்பவர்கள் இன்றும் "ஹானிமனே அனுமதித்திருக்கிறார்" என்று காட்டுவது இந்த 274b பத்தியைத்தான். அதை அவர் எழுதினார் என்பது சரி. அவரே நீக்கினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நேர்மை.

கடைசியில் யார் மீட்டார்கள்?

ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹேல். ஹானிமனின் வாழ்க்கையை எழுதுவதற்காகக் காகிதம் காகிதமாகத் தேடித் திரிந்த மருத்துவர். போனிங்ஹாசன் குடும்பத்தைப் பல ஆண்டு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது, 1920இல் குடும்பம் விற்கச் சம்மதித்தது. பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது: சான் பிரான்சிஸ்கோவின் வில்லியம் போரிக், ஜேம்ஸ் வார்ட் இருவரும் உதவினார்கள். போரிக், மெட்டீரியா மெடிக்கா (மருந்துக் குணநூல்) கையேட்டால் நம் ஊர் ஹோமியோபதிக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த அதே போரிக்தான்.

1921இல் லைப்சிக்கில் வில்மார் ஷ்வாபே நிறுவனம் ஆறாம் பதிப்பை ஜெர்மனில் வெளியிட்டது. 1922இல் போரிக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஃபிலடெல்பியாவில் வந்தது. ஹானிமன் எழுதிமுடித்து 79 ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஜெர்மன் பதிப்பே வந்தது.

அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது எங்கே?

சான் பிரான்சிஸ்கோவில், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாக நூலகத்தில். ஹேல் திரட்டிய மற்றவை, முக்கியமாக நோயாளிக் குறிப்பேடுகள், ராபர்ட் பாஷ் வழியாகப் போய் இன்று ஸ்டுட்கார்ட்டில் பாஷ் அறக்கட்டளையின் மருத்துவ வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன. மின்கருவிகளுக்குப் பெயர்போன அதே பாஷ்தான், ஹோமியோபதியில் பற்றுள்ளவர்.

ஆறாம் பதிப்பில் அப்படி என்ன புதிது?

பத்திகள் 291. உயிராற்றல் என்று சொல்லிவந்த பல இடங்களில் உயிர்த் தத்துவம் என்று எழுதினார். இவை அறிஞர்களுக்கான செய்தி. மருந்து கொடுப்பவர்களுக்கு முக்கியம் 270ஆம் பத்தி. அதுவரை ஒன்றுக்கு நூறு என்ற விகிதத்தில் நீர்த்துக்கொண்டு போனவர், இங்கே 1:50,000 என்ற புதிய அளவுமுறையைக் கொண்டுவந்தார். முதலில் மருந்தைப் பால் சர்க்கரையோடு மூன்றாம் நூற்றளவு வரை, அதாவது ஒன்றுக்கு நூறாக மூன்று முறை, அரைக்க வேண்டும். அதில் ஒரு கிரெய்னை (பழைய சிறு எடை அளவு) 500 துளி நீர்–சாராயக் கலவையில் கரைத்து, அதில் ஒரு துளியை 100 துளி சாராயத்தில் விட்டு நூறு முறை பலமாகக் குலுக்க வேண்டும். பிறகு, நூறு சேர்ந்தால் ஒரு கிரெய்ன் எடை வரும் கசகசா அளவு சர்க்கரை உருண்டைகளில் 500ஐ அதன் ஒரே துளியால் நனைக்க வேண்டும். நூறு பெருக்கல் 500, அதுதான் 50,000. அடுத்த வீரியத்துக்கு, அதாவது நீர்த்தலின் அடுத்த படிக்கு, அந்த உருண்டைகளில் ஒன்றை எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும். இன்று எல்.எம். வீரியம் என்று கடைகளில் விற்பது இதுவே.

மருந்தை எப்போது திரும்பக் கொடுப்பது என்பதும் மாறியது. ஒரு மருந்து கொடுத்தால் அதன் வேலை முடியும் வரை காத்திரு என்று பழகியவர்களுக்கு, 246 முதல் 248 வரையுள்ள பத்திகள் அதிர்ச்சி தரும். மருந்தை நீரில் கரைத்து, ஒவ்வொரு முறையும் குலுக்கி வீரியத்தைச் சற்று மாற்றி, தேவைப்பட்டால் தினமும் கொடுக்கலாம் என்கின்றன அவை.

அப்படியானால் அமெரிக்க ஹோமியோபதி மருத்துவர் கெண்ட் போன்றவர்கள் இதை அறியவே இல்லையா?

இல்லை. இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப நின்று யோசிக்கும் இடம் இதுதான். கிளெமென்ஸ் போனிங்ஹாசன் 1864இல் இறந்தார், ஹெரிங் 1880இல், கெண்ட் 1916இல். மரபான ஹோமியோபதி என்று நாம் இன்று சொல்வதைக் கட்டிய பெரியவர்கள் இவர்கள். மூவரும் வேலை செய்தது ஐந்தாம் பதிப்பையும் அதற்கு முந்தியவற்றையும் வைத்து. கெண்ட் தன் தத்துவச் சொற்பொழிவுகளில் பத்தி பத்தியாக விளக்குவது ஐந்தாம் பதிப்பைத்தான். மிக உயர்ந்த வீரியம், ஒரே வேளை, நீண்ட காத்திருப்பு என்ற கெண்ட் பாணியை ஹானிமனின் இறுதிச் சொல் என்று யாராவது சொன்னால், தேதிகளே அதை மறுக்கும்.

1921க்குப் பிறகும் அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஜெனீவாவின் பியர் ஷ்மிட் போன்றவர்கள் 1950களில் எடுத்துப் பேசிய பிறகுதான் எல்.எம். வீரியம் பரவியது.

1921 பாடம் நம்பகமானதா?

பெருமளவுக்கு ஆம், முழுக்க இல்லை. ஹேலுக்கு அவசரம் இருந்தது, அன்றைய ஜெர்மனியின் நிலையும் அப்படி. மருத்துவ வரலாற்றாளர் யோசஃப் ஷ்மிட் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள மூலத்தோடு ஒப்பிட்டு 1992இல் ஹைடல்பெர்கில் ஒரு செம்பதிப்பைக் கொண்டுவந்தார். ஹேல் பதிப்பில் விடுபட்டவையும் மாறியவையும் அதில் சரிசெய்யப்பட்டன. ஆய்வுக்கு என்றால் அதுதான் ஆதாரம். ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஆங்கிலத்துக்கு எப்படி வந்தது?

முதல் ஆங்கில ஆர்கனான் 1833இல் டப்ளினில் வந்தது. சார்லஸ் டெவ்ரியன்ட் நான்காம் பதிப்பை மொழிபெயர்த்தார், சாமுவேல் ஸ்ட்ராட்டன் குறிப்பெழுதினார். அது வந்த அதே ஆண்டு ஜெர்மனில் ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டது, பாவம். 1836இல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில், ஹெரிங் முன்னுரையோடு அமெரிக்கப் பதிப்பு வந்தது. அதுவும் நான்காம் பதிப்பின் வழிதான்.

1849இல் ராபர்ட் எல்லிஸ் டட்ஜன் ஐந்தாம் பதிப்பை மொழிபெயர்த்தார். பிறகு 1893இல் அதைத் திருத்தி, முந்தைய பதிப்புகளில் எது எப்படி இருந்தது என்று ஒப்பிடும் பின்னிணைப்பையும் சேர்த்தார். அந்தப் பின்னிணைப்பு ஒன்றுக்காகவே டட்ஜனுக்கு நன்றி சொல்லலாம். அமெரிக்காவில் 1876இல் வெசல்ஹோஃப்ட் ஒரு மொழிபெயர்ப்பு செய்தார். முதல் பதிப்பை 1913இல் வீலர் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். போரிக் 1922இல் ஆறாம் பதிப்பைத் தரும்போது, ஹானிமன் மாற்றாத பகுதிகளுக்கு டட்ஜனின் ஆங்கிலத்தையே வைத்துக்கொண்டார். அதனால்தான் 20ஆம் நூற்றாண்டுப் புத்தகத்தில் விக்டோரியா காலத்து நடை அடிக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் 1982இல் கூன்சிலி குழுவினர் செய்ததும், 1996இல் வெண்டா ஓ'ரெய்லி பதிப்பித்ததும் உண்டு.

தமிழ்நாட்டோடு இந்தப் புத்தகத்துக்கு ஏதாவது பழைய தொடர்பு?

ஹோமியோபதிக்கு உண்டு. சாமுவேல் புரூக்கிங் என்ற அறுவை மருத்துவர் 1847இல் தஞ்சாவூரில் ஒரு ஹோமியோபதி மருத்துவமனை நடத்தினார். இந்தியாவில் மிகப் பழையவற்றில் ஒன்று அது. தேதியைக் கவனியுங்கள்: டட்ஜனின் மொழிபெயர்ப்பு வர இன்னும் இரண்டு ஆண்டு. அன்று தஞ்சாவூரில் ஆங்கிலத்தில் ஆர்கனான் இருந்திருந்தால், அது நான்காம் பதிப்பின் ஆர்கனானாகத்தான் இருந்திருக்க முடியும். இன்று பி.எச்.எம்.எஸ். என்ற ஹோமியோபதிப் பட்டப் படிப்பில் ஆர்கனான் தனிப் பாடமாகவே இருக்கிறது.

புத்தகம் சொல்வது அறிவியல்படி நிரூபணமானதா?

இல்லை. 12ஆம் நூற்றளவு வீரியத்தைத் தாண்டினால் மூல மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை என்பது சாதாரண வேதியியல் கணக்கு. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் குழு 2015இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஹோமியோபதி பயன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரமுள்ள நோய் எதுவும் இல்லை என்று முடிவு சொன்னது. ஹோமியோபதித் தரப்பு அந்த ஆய்வின் முறையை எதிர்த்தது. கடும் நோய்க்குப் புத்தகத்தை நம்பி உட்கார வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். வரலாற்று ஆவணமாக ஆர்கனானுக்கு இருக்கும் மதிப்பு வேறு கணக்கு.

எந்தப் பதிப்பை வாங்குவது?

தேர்வுக்குப் படிப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஐந்தும் ஆறும் சேர்ந்த டட்ஜன்–போரிக் புத்தகம் போதும். இந்தியாவில் மலிவு விலையில் கிடைப்பதும் அதுதான். ஆனால் அதில் ஐந்தாம் பதிப்பு எங்கே முடிகிறது, ஆறாம் பதிப்பின் மாற்றம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் படிக்கவும். சில மறுபதிப்புகளில் இரண்டும் கலந்துபோய்க் கிடக்கும். புரிந்துகொள்ள மட்டும் படிப்பவர் ஓ'ரெய்லி பதிப்பை எடுக்கலாம், நடை எளிது. ஹானிமனின் மனம் எப்படி மாறியது என்று பார்க்க ஆசைப்படுபவர் வீலரின் முதல் பதிப்பையும் போரிக்கையும் அருகருகே வைத்துப் படிக்கட்டும்.

முன்பக்கம் கிழிந்த பழைய பிரதி ஒன்று கையில் இருக்கிறது. எந்தப் பதிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கடைசிப் பத்தியின் எண்ணைப் பாருங்கள். 271 என்றால் முதல் பதிப்பு. 292 என்றால் நான்கு, 294 என்றால் ஐந்து, 291 என்றால் ஆறு. 300ஐத் தாண்டினால் இரண்டு அல்லது மூன்று. கடைசிப் பக்கங்களும் போய்விட்டதா? சரி, 270ஆம் பத்திக்குப் போங்கள். அங்கே 500 துளியும் கசகசா அளவு உருண்டையும் வந்தால் ஆறாம் பதிப்பு. ஒன்பதாம் பத்தியில் உடலை ஆளும் உயிராற்றல் பற்றிய பேச்சு இருந்து, 270இல் உருண்டைகள் இல்லையென்றால் ஐந்து. ஆறாம் பதிப்பு என்று உறுதியாக அச்சிட்டிருந்து, 274க்குப் பிறகு b போட்ட ஒரு பத்தியும் அதில் இருந்தால், உங்களிடம் இருப்பது லுட்சேயின் 1865 வேலை. தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பழைய புத்தகம் சேர்ப்பவர்கள் அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.